நீல ஊசி

பட்டனை அழுத்தினாள். ஸ்பிரிங் 'டக்'கென்று பின்னால் இழுத்தது. ஆனால் ஊசி வரவில்லை.

சின்னவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கூட்டைத் திருப்பிப் பார்த்தாள். ஊசி வந்து ஒளிந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மேஜைமேல் கிடந்த ரப்பர் கையில், செயற்கை நரம்புக்குள் செருகியபடியே, மெல்லிய எஃகுக் குழாய் தனியாக நின்றுகொண்டிருந்தது. எதிரே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனைகளுக்குக் காட்டுவதற்கான பயிற்சி வீடியோ அது. "இப்போது ஊசி பத்திரமாக உள்ளே போய்விட்டது" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரத்தம் எடுக்கும் ஊசிகளை வடிவமைப்பது அவள் வேலை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவள். அந்தப் பெயர் எப்படியோ அலுவலகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஊசி அவள் பெற்ற பிள்ளை மாதிரி. சாதாரண ஊசியில் ரத்தம் எடுத்து வெளியே உருவி, அதைப் பெட்டியில் போடுவதற்குள் எடுத்தவர் விரலிலேயே குத்திவிடும் ஆபத்து உண்டு. இதில் அது கிடையாது. ஊசி நோயாளியின் கைக்குள் இருக்கும்போதே பட்டனை அழுத்தினால் போதும், ஸ்பிரிங் அதை நரம்பிலிருந்து உருவிக் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கூர்முனை வெளிக்காற்றையே பார்க்காது.

அந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. அவள் அக்கா பெரிய மருத்துவமனை ஒன்றில் ரத்தம் எடுக்கும் அறைக்குப் பொறுப்பாளர். சில வருடங்களுக்கு முன் யாரோ ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. அந்த நோயாளிக்கு என்ன நோய் என்பதும் தெரியாது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் முடிவாகச் சொல்லும்வரை, மாதக்கணக்கில், அக்கா தன் குழந்தைக்கு முத்தம் கொடுக்கவில்லை. தனித் தட்டு, தனி டம்ளர். "இப்படியெல்லாம் ஒட்டாதுன்னு எனக்கே தெரியும்டி. மனசு கேக்கமாட்டேங்குதே" என்பாள். கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாதங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் சின்னவள்.

கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு ஊசியை எடுத்தாள். அது ஒழுங்காக உள்ளே போனது. அடுத்ததும் போனது. 'ஏதோ ஒன்றுதான் கோளாறு போலிருக்கிறது' என்று நினைத்த நேரத்தில், அதற்கடுத்தது மறுபடியும் ரப்பர் கையிலேயே நின்றது. நின்ற இரண்டிலும் அடிப் பிளாஸ்டிக் நீலம்.

நீலப் பிளாஸ்டிக்கின் துளைக்குள் குண்டூசியை விட்டுச் சுரண்டினாள். கல்லாக இறுகியிருக்க வேண்டிய பசை, மென்று துப்பிய சூயிங்கம் போல இழுபட்டது.

என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

ஊசியின் அடியைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஹப் என்பார்கள். எஃகையும் ஹப்பையும் ஒட்டுவது ஒரு பசை. புற ஊதா விளக்கின் ஒளி பட்டால்தான் அது இறுகும். அந்த ஒளி ஹப்பைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதலில் ஹப் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்காதான், "எது மெலிசு, எது தடிமன்னு எட்ட இருந்து பார்த்தாலே தெரியணும்டி. அவசரத்துல எழுத்தைப் படிச்சிட்டா இருக்க முடியும்?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. தடிமனுக்கு இளம்பச்சை, மெலிசுக்கு அடர்நீலம் என்று மாற்றினாள். மாறுவது நிறம்தானே என்று, இழுத்துப் பார்க்கும் சோதனையைப் பச்சையில் மட்டும் செய்துவிட்டு நீலத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த அடர்நீலம் வெளிச்சத்தைக் குடித்துவிட்டிருந்தது.

இன்று காலையிலிருந்துதான் அக்காவின் அறையில் அந்த ஊசிகளை முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் செல்போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அந்த அறையில் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அறையின் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. மருத்துவமனையின் பொது எண்ணில் ஒரு பெண் எடுத்து, "ரத்தப் பரிசோதனையா? வெறும் வயித்தோட வரணும்" என்று ஆரம்பித்தாள். அவசரம் என்று சொல்லியும், "லைன் மாத்தறேன்" என்றவள் மாற்றிய இடத்தில் வெறும் இசைதான் ஓடியது.

மேலாளர் அறைக்கு ஓடினாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"ரப்பர் கைதானே? ரப்பர் ஊசியை இறுக்கிப் பிடிக்கும். மனுஷத் தோல் அவ்வளவு பிடிக்காது."

"பிடிக்கலைன்னா நல்லது சார். பிடிச்சிட்டா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. இந்த ஊசிக்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவரே அவர்தான். "நான் மேல பேசிட்டு முறையா ஒரு மெயில் அனுப்பறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. முதல் நாளே நாமளே நிறுத்தினோம்னா இந்த ஊசி அவ்வளவுதான். ஒரு ஆஸ்பத்திரியும் நம்மளைத் திரும்பிப் பார்க்காது."

"நீங்க மெயில் அனுப்புங்க சார். நான் நேர்ல போறேன்."

அவர் கூப்பிடக் கூப்பிட ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சிக்னலில் நின்றாள். நீல ஊசி யாருக்குப் போடுவது என்பதுதான் அவளைத் தின்றது. குழந்தைகளுக்கு. வயதானவர்களுக்கு. மருந்து ஏறி ஏறி நரம்பு ஒளிந்துகொண்டவர்களுக்கு. ரப்பர் கையில் நின்ற ஊசியை இடுக்கியால் பிடுங்கிவிடலாம். உயிருள்ள நரம்புக்குள் நின்றால், கையை ஒருமுறை மடக்கினால் போதும், தோலுக்குக் கீழே போய்விடும். அதற்குப் பிறகு கத்தி வைத்துத்தான் தேட வேண்டும். ரத்தத்தோடு அது நகரவும் செய்யலாம். அதற்கு மேல் அவள் நினைக்க விரும்பவில்லை. பின்னாலிருந்தவன் ஹாரனை அமுக்கி, "தூக்கமா?" என்று கத்தியபோதுதான் பச்சை விழுந்தது தெரிந்தது.

ரத்தம் எடுக்கும் அறை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "டோக்கன்?"

கம்பெனி அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள்.

அறையில் கைவைத்த நாற்காலிகள் இரண்டு, நடுவில் பச்சைத் திரை. இந்தப் பக்கத்து நாற்காலியில் தலையில் துணி சுற்றிய ஒரு பெண். தையல்காரம்மா என்று அக்கா அடிக்கடி சொல்லும் நோயாளி அவள்தான். வீரியமான மருந்துகள் ஏறி அவள் கையில் நரம்பே இல்லாமல் போய்விட்டது. புறங்கையில் எப்படியோ ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள் அக்கா. நீல ஊசி உள்ளே இருந்தது. ரத்தம் பிடிக்கும் கடைசிக் குழாய் நிரம்பிவிட்டது. அக்கா அதைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவள் கட்டைவிரல் பட்டன்மேல் வந்து உட்கார்ந்தது.

"கடைசிக் குழாயை எடுத்ததும் யோசிக்கவே யோசிக்காதீங்க, உடனே அழுத்துங்க" என்று போன வாரம் இதே அறையில் நின்று பாடம் நடத்தியவள் சின்னவள்தான்.

கத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போடும். தூக்கிவாரிப் போட்டால் அந்த விரல் அழுத்திவிடும். கத்தலை மென்று விழுங்கிவிட்டு, மூன்றே எட்டில் பக்கத்தில் போய், அக்காவின் தோளில் பூப்போல் கை வைத்தாள்.

"அக்கா. விரலை எடு. பட்டனைத் தொடாதே."

குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டைவிரல் மெதுவாக மேலே எழுந்தது.

"இடுக்கியால ஊசியையே பிடி. பிளாஸ்டிக்கைப் பிடிச்சு இழுக்காதே. நேரா எடு."

"என்னம்மா, ஏதாவது தப்பா?" என்றாள் தையல்காரம்மா.

"ஒண்ணுமில்லம்மா, என் தங்கச்சிக்கு எப்பவும் அவசரம்" என்று சிரித்துக்கொண்டே அக்கா இடுக்கியை எடுத்தாள். தோலுக்கு மேலே தெரிந்த எஃகைப் பிடித்து, நூல் கோத்த மாதிரி நேராக உருவினாள். ஊசி வெளியே வந்த கணத்தில் ஹப்பிலிருந்து தானாகவே கழன்று இடுக்கியில் நின்றது. அக்காவின் முகம் வெளுத்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள்.

சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எல்லா நீலத்தையும் நிறுத்து, இன்னொரு நாற்காலியில யாரு..." என்று கேட்க ஆரம்பித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

அதற்கடுத்து ஒரு ஆண்குரல்: "ஏம்மா... இது இப்படியேதான் இருக்குமா?"

அக்கா திரையைத் தள்ளினாள். நாற்காலி கொள்ளாத உடம்போடு ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். எதிரே, அக்காவோடு ரத்தம் எடுக்கும் சோடாபுட்டி. தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் அறையில் எல்லோரும் அந்தப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். இப்போது வெறும் பிளாஸ்டிக் கூட்டைக் கையில் பிடித்தபடி அவள் சிலையாக நின்றாள். டிரைவரின் முழங்கை மடிப்பில் எஃகுக் குழாயின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வழியே ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

இவ்வளவு பெரிய கைக்கு எதற்கு நீலம் என்று சின்னவள் மனதில் ஓடியது. "அவர்தான் இருக்கறதுலயே சின்ன ஊசியா போடச் சொன்னார்" என்று சோடாபுட்டி கேட்காமலேயே அழுகுரலில் சொன்னாள். "ஊசின்னாலே பயம்னார்."

டிரைவர் ரத்தத்தைப் பார்த்தார். கண் செருகியது. கை தானாக மடங்கத் தொடங்கியது.

"மடக்காதே!"

அக்கா கத்தியே விட்டாள். தாவிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முழங்காலோடு சேர்த்து அமுக்கினாள். அந்த ஒரு அசைவில் எஃகு இன்னும் உள்ளே போயிருந்தது. இப்போது வெளியே தெரிந்தது ஒரு நகத்தின் அளவுதான்.

"பட்டையை மேல கட்டு! இறுக்கமா!"

சோடாபுட்டி ரப்பர் பட்டையை அவர் புஜத்தில் சுற்றி இறுக்கினாள். ஊசி மேலே நகராமல் இருக்க அதுதான் வழி. அக்கா இடுக்கியை வைத்தாள். பிடித்தது. வழுக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி வழுக்கியது. ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் அந்த நகத்தளவு இன்னும் குறைந்தது.

"பிடி கொடுக்கமாட்டேங்குதுடி" என்றாள் பல்லைக் கடித்தபடி. "என்னத்தைப் பூசி வெச்சிருக்கே இதுல?"

வலிக்காமல் நுழைவதற்காக ஊசிமேல் பூசும் வழவழப்பு அது. அதைத் தேர்ந்தெடுத்ததும் சின்னவள்தான். ஆனால் அது முழு ஊசிக்கும் கிடையாது. வரைபடம் அவள் கண்முன் வந்து நின்றது.

"அக்கா, நடுவுல பிடிக்காதே. வால் நுனியில சொரசொரப்பா இருக்கும். பசை ஒட்டறதுக்காகத் தேய்ச்சு வெச்சிருக்கோம். ரத்தத்தைத் துடைச்சிட்டு நுனியைப் பிடி. திருகிடாதே, முனை நரம்பைக் கிழிச்சிடும்."

சோடாபுட்டி பஞ்சால் ஒற்றினாள். சின்னவள் டிரைவரின் தலையைத் தன் பக்கம் திருப்பி, "அண்ணே, என்னைப் பாருங்க. இங்கே பாருங்க. எந்த வண்டி ஓட்டறீங்க?" என்றாள்.

"பதினாலு சக்கரம்" என்றார் அவர் பல் கிட்டிக்க. "எதுக்கும்மா? ஏறப் போறியா?"

"ஏத்திக்குவீங்களா?"

"முதல்ல நான் இறங்கணுமே இதுல இருந்து."

அக்காவின் இடுக்கி நுனியில் போய் உட்கார்ந்தது. பிடித்தது. இந்தத் தடவை வழுக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தாள். எஃகு வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளமா என்று தோன்றும்படி வந்துகொண்டே இருந்தது. வந்துவிட்டது. வெள்ளைத் தட்டில் விழுந்து 'கிணுக்'கென்றது. அக்கா பஞ்சுக் கற்றையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மேலாளரின் போன். "போய்ச் சேர்ந்தாச்சா? மெயில் இப்போ போயிடும். ஏதாவது நடந்திருந்தாலும் சின்னக் கோளாறுன்னு சொல்லிச் சமாளி. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்." சின்னவள் போனை அணைத்தாள்.

ஆனால் வேலை முடியவில்லை. காலையிலிருந்து போட்ட நீல ஊசிகள்? எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எவர் கையிலாவது கவனிக்காமல்... அக்கா வாசல் கதவைத் தாளிட்டாள். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டியைத் திறக்கவே கூடாது என்பது சட்டம். திறந்தாள். நீளமான இடுக்கியால் நீல ஊசிகளின் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். சின்னவள் குனிந்து பார்த்து, "உள்ளே இருக்கு" என்றாள். அடுத்தது. "இருக்கு." ஒன்றில் ரத்தம் உறைந்து உள்ளே எதுவுமே தெரியவில்லை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் உறைந்த ரத்தத்துக்கு நடுவே மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று மின்னியது.

"இருக்கு" என்றாள் சின்னவள். சோடாபுட்டி சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் வந்து டிரைவரின் கையை ஸ்கேன் செய்து பார்த்தார். உள்ளே ஒன்றும் தங்கவில்லை. நீலம் படர்ந்து வீங்கும், வலிக்கும், ஆறிவிடும் என்றார். டாக்டர் போனதும் சின்னவள் டிரைவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்த ஊசியை வடிவமைச்சது நான். பசை சரியா இறுகலை. சரியா இறுகியிருக்கான்னு நான் சோதிச்சிருக்கணும், சோதிக்கலை. உங்க மேலயோ இந்தப் பொண்ணு மேலயோ எந்தத் தப்பும் இல்லை."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பெரிய ஊசி கேட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"அட!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சிரிக்கறேன்னு லேசா எடுத்துக்காதே. வெளியில என் சம்சாரம் உட்கார்ந்திருக்கா. இப்போ என்கிட்ட சொன்னதை அப்படியே அவகிட்டயும் வந்து சொல்லு."

போய்ச் சொன்னாள். அந்த அம்மா கூடத்தில் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "உன் புருஷன் கையில குத்திப் பார்க்கவேண்டியதுதானே முதல்ல?" என்றாள். சின்னவள் தலையை நிமிர்த்தவில்லை. அந்த அம்மா ஓய்ந்து, புருஷனின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றாள்.

பின்வாசல் படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றிய விரல்கள் வெளிறிப்போயிருந்தன. சின்னவள் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"கலர் கேட்டது நான்" என்றாள் அக்கா.

"கேட்டது நீ. சோதிக்க வேண்டியது நான்."

அக்கா அதை மறுக்கவில்லை. சின்னவளுக்கு அது சுருக்கென்றது. ஆனால் மறுத்திருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

"நான் உள்ளே வந்ததும் கத்தியிருந்தா, அந்தப் பக்கம் சோடாபுட்டியும் கேட்டிருப்பா" என்றாள் சின்னவள். "அவர் கைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"கத்தியிருந்தா நான் அழுத்தியிருப்பேன். தையல்காரம்மாவுக்கு இருக்கறதே அந்த ஒரு நரம்பு." அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "ரெண்டுல எது சரின்னு என்கிட்ட கேட்காதே. எனக்குத் தெரியாது. உள்ளே கூட்டம் நிக்குது, நான் போறேன்."

அதன்பிறகு பல வாரங்கள் இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். மருத்துவமனை சோதனையை நிறுத்தியது. கம்பெனியில் விசாரணை நடந்தது. சின்னவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேலாளர் சொன்னதையும், அவர் எதிரிலேயே சொன்னாள். அவர் மறுக்கவில்லை, பிறகு சில நாள் அவளோடு பேசவும் இல்லை. அவளை அந்த வேலையிலிருந்து விலக்கி, சிரிஞ்சு மூடிகளை வரைய உட்கார்த்தினார்கள். ஆனால் ஸ்பிரிங் ஊசியை அவளளவுக்குத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அவள் மேஜைக்கே வந்து நின்றார்கள். ஹப் மறுபடியும் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி ஆனது. நிறம், ஊசியைப் பிடித்துக்கொள்ள இருபுறமும் நீட்டியிருக்கும் பிளாஸ்டிக் இறக்கைகளுக்குப் போனது. எந்த நிறமாக இருந்தாலும் இழுத்துப் பார்க்காமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆனது.

வேறொரு மருத்துவமனையில் நீண்ட நாள் சோதித்த பிறகு ஊசி அக்காவின் அறைக்கு மறுபடியும் போனது. வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு உரிமை இருந்தது. சொல்லவில்லை. ஆனால் வடிவமைத்தவர்கள் யாரும் அன்று அறைக்குள் வரக் கூடாது என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தாள்.

அன்று காலை முழுவதும் சின்னவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. போனை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் அது அடித்தது.

"என்னக்கா?"

"எல்லாம் உள்ளே போச்சு" என்றாள் அக்கா. "ஆனா அந்த 'டக்'குன்ற சத்தம் இருக்கே, சனங்களுக்குத் தூக்கிவாரிப் போடுதுடி. எனக்கே ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒருமாதிரி பண்ணுது. ஸ்பிரிங்கை மாத்தியாவது அதைக் குறைச்சுக் கொடு."

சின்னவள் பென்சிலை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"குறைக்கலாம். ஆனா ஸ்பிரிங் மாறினா அத்தனையையும் முதல்ல இருந்து சோதிச்சிட்டுத்தான் தருவேன். ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும்" என்றாள் அக்கா. "யாரு அவசரப்பட்டா?"